வாடகை வீட்டு அறைக்குள் கேமரா: எதிர் அறை ஆச்சி கேட்டதில் நியாயம் இருக்கிறதா?

கழனிவாசல் மகள் – திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் அம்மாவும் மட்டும்தான். இரண்டாங்கட்டில் முற்றத்துக்கு இடப்பக்கம் இரண்டு அறை, ஒரு சின்ன அடுப்படி. வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அதே வீட்டுப் பங்காளிக் குடும்பத்து ஆச்சி ஒருவர் தன் பங்கு அறையில் தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர்.

அம்மா மூன்று மாதம் முன்பு வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆச்சியும் ஊரில் இல்லை. கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்காமல் முக்கால் மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. வீடு திரும்பியதும் முதல் வேலையாகச் சுழலும் வைஃபை கேமரா ஒன்று வாங்கி, அறையின் உள்சுவர் மாடத்தில் வைத்தேன். இடைவேளையில் செல்போனில் அம்மாவைப் பார்த்துக்கொள்வேன்.

போன சனிக்கிழமை ஆச்சி நிலைப்படிக்கு வெளியே நின்றார். எப்போதும் உள்ளே வந்து அம்மா பக்கத்தில் உட்காருகிறவர், அன்று வரவில்லை. "ஏத்தா, உன் அறையில நீ என்ன வேணா வச்சுக்க. ராத்திரி அதுல செவப்பா ஒண்ணு மினுங்குதே, அது உன் அறையை மட்டுமா பாக்குது?" என்று கேட்டார்.

ஆப்பைத் திறந்து காட்டினேன். அம்மா கட்டில், எங்கள் வாசல், அதற்கு அப்பால் முற்றம், அதற்கும் அப்பால் ஆச்சியின் அறை வாசல், உள்ளே அவர் கட்டிலின் கால்மாடு வரை தெரிந்தது. ஆச்சி ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்றிலிருந்து பகலிலும் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்.

எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. கேமராவை எடுக்க என்னால் முடியாது. கதவைச் சாத்தினால் அறை இருட்டு, புழுக்கம். உடன் வேலை பார்க்கிறவர்கள் "உன் வீட்டுக்குள்ள வைக்கிறதுக்கு யார் கேள்வி கேட்க முடியும்" என்கிறார்கள். அது சரியா? நான் என்ன செய்யட்டும்?

பள்ளத்தூர்க்காரன் – திங்கள், இரவு 10.15

சகோதரி, எடுக்காதீர்கள். வாடகை கொடுக்கிறீர்கள், அறை உங்களுடையது. முற்றம் பொது இடம்தானே, அங்கே நடப்பதை யாரும் பார்க்கலாம். எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டில் பித்தளைச் சாமானும் தேக்குக் கதவும் போனபோது பக்கத்து வீட்டுக் கேமரா இருந்திருந்தால் ஆளைப் பிடித்திருக்கலாம். வயதான அம்மாவைத் தனியே விட்டுப் போகிறவருக்கு அது மூன்றாவது கண். ஆச்சிக்குப் பழக்கமில்லை, நாலு நாளில் பழகிவிடுவார்.

கண்டனூர்ப் பேத்தி – திங்கள், இரவு 11.02

பள்ளத்தூர் அண்ணே, முற்றம் பொது என்பது சரி. ஆனால் அது தெரு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் வீடுகளைக் கட்டியவர்கள் யார் எந்த எல்லை வரை வரலாம் என்பதையும் சேர்த்தே கட்டினார்கள். கணக்குவழக்கு பேச வந்தவர் திண்ணையோடு நின்றார். உறவுக்காரர் முகப்பைத் தாண்டிப் பட்டாலை என்ற கூடத்துக்கு வந்தார். வளவு என்ற உள்முற்றப் பகுதிக்குள் வீட்டு மனிதர்கள். பின்கட்டு பெண்களுக்கு. வளவு முற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறை என்று கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் கொடுத்தார்கள். அறையில் சாமானும் பெட்டியும் இருக்கும், வாழ்க்கை முற்றத்தில் இருக்கும். தலை உலர்த்துவது, வடகம் காயவைப்பது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது, மனசு சரியில்லாமல் தூணில் சாய்ந்து உட்காருவது எல்லாம் அங்கேதான். ஆச்சிக்கு அந்த முற்றம் வீட்டின் உள்ளறை மாதிரி.

எதிர் அறையில் இருக்கும் உங்கள் அம்மா தன்னைப் பார்க்கிறார் என்பது ஆச்சிக்குத் தெரியும். அவரும் உங்கள் அம்மாவைப் பார்க்கிறார். சேலை விலகினால் ஒருவர் கண்ணைத் திருப்பிக்கொள்வார். கேமரா திருப்பிக்கொள்ளாது, மறக்கவும் செய்யாது. யார் எந்த ஊரிலிருந்து எப்போது பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. பழகிவிடுவார் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கப் பழகிவிடுவார் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று. எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறோம். எங்களுக்கு அடி விழுந்தது ஒலியில். முன்பு நாங்கள் இருந்த வீட்டில் பக்கத்துக் குடித்தனக்காரர் குழந்தைக்காக அறையில் கேமரா வைத்திருந்தார். என் தங்கைக்கு வந்த ஒரு சம்பந்தத்தை முற்றத்தில் உட்கார்ந்து அம்மாவும் பெரியம்மாவும் பேசினார்கள். பையன் வீட்டார் கேட்டது என்ன, எங்களால் முடிந்தது என்ன, எல்லாம். பத்து நாள் கழித்து அந்தத் தொகை மாறாமல் வேறு ஒருவர் வாயிலிருந்து வந்தது. வேண்டுமென்று செய்ததில்லை. குழந்தை சேட்டையைக் காட்ட அனுப்பிய வீடியோவில் பின்னணியில் எங்கள் பேச்சு முழுசாக இருந்திருக்கிறது. சம்பந்தம் போனது. அதைவிட, அதற்கப்புறம் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசி நான் பார்க்கவில்லை.

முதலில் மைக்கை அணையுங்கள். இன்றைக்கே.

கழனிவாசல் மகள் – திங்கள், இரவு 11.20

அணைத்துவிட்டேன். ஒலி பதிவாகிறது என்பதையே நான் யோசிக்கவில்லை அக்கா.

சிங்கப்பூர்ப் பங்காளி – செவ்வாய், காலை 6.30

வீட்டுக்காரர் தரப்பிலிருந்து ஒரு சொல். எங்கள் வீட்டுக்குப் பதினோரு பங்கு. ஊரில் இருப்பது சித்தி ஒருவர்தான். மற்றவர்கள் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவோம். மரச்சாமான், பழைய படங்கள், பெல்ஜியம் கண்ணாடி இருப்பதால் முகப்பிலும் வளவிலும் கேமரா வைத்தோம். இங்கிருந்து நான்தான் பார்ப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் சித்தி வளவில் சித்தப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுவதைப் பார்த்தேன். அவர் எங்கள் முன்னால் அழுதவரே இல்லை. பார்த்திருக்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்று அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அடுத்த முறை போனபோது வளவுக் கேமராவை நானே கழற்றினேன். முகப்பிலும் பின்வாசலிலும் மட்டும் இருக்கிறது. திருடன் அந்த இரண்டு வழியில்தான் வந்தாக வேண்டும்.

கோட்டையூர் 77 – செவ்வாய், காலை 8.05

புதிதாகத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறதே, 250 கோடி வரை அபராதம். ஆச்சி புகார் கொடுத்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

தேவகோட்டை வக்கீல் – செவ்வாய், மதியம் 1.45

அந்தப் பொண்ணைப் பயமுறுத்த வேண்டாம் சார். 2023-ஆம் ஆண்டு மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி என்ற உச்சவரம்பு உண்மை. ஆனால் தனி நபர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 3-ஆம் பிரிவே சொல்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வைத்த கேமரா அந்த விலக்குக்குள் வரும். அதே வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்தினால் கதை வேறு.

அதற்காக "என் வீட்டுக்குள் யார் கேட்பது" என்பதும் சரியில்லை. கேமரா எங்கே இருக்கிறது என்பதைவிட அது எதைப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி.

குற்றவியல் பக்கத்தை முதலில் சொல்கிறேன். பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 354சி. பிறர் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பும் சூழலில், அவர் அந்தரங்கமாக இருக்கும்போது பார்ப்பதோ படம் பிடிப்பதோ குற்றம். முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ, ஆண் பெண் யாராக இருந்தாலும் அனுமதியில்லாமல் அந்தரங்க உறுப்புகளைப் படம் பிடித்தால் மூன்று வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆச்சி முற்றத்தில் வடகம் காயவைப்பது பதிவானால் இந்தப் பிரிவுகள் வராது. ஆனால் உங்கள் கேமராவில் ஆச்சியின் அறைக்குள் கட்டில் வரை தெரிகிறது என்கிறீர்கள். அவர் அங்கேதான் உடை மாற்றுவார். உங்களுக்கு அந்த எண்ணமே இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. பதிவு மட்டும் மெமரி கார்டில் கிடக்கும், செல்போனோ கார்டோ வேறொருவர் கைக்குப் போகலாம். அந்த நிலையை இன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது உரிமையியல். 24.8.2017 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. அது முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. ஆனாலும் அதன் வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுத் தகராறுகளையும் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. உங்கள் விஷயத்துக்கு மிக அருகில் உள்ளது கல்கத்தாவில் வந்தது. ஒரே பூர்வீக வீட்டில் குடியிருந்த சகோதரர்கள். வீட்டில் உள்ள பழம்பொருள்களைப் பாதுகாக்க என்று ஒருவர் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைத்தார், மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. உடன் குடியிருப்பவர் சம்மதம் இல்லாமல் அப்படி வைப்பது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. வீட்டில் பங்கு உள்ளவருக்கே அப்படி என்றால் வாடகைதாரரின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் இன்னும் ஒன்று படியுங்கள், எனக்குப் பிடித்த இடம் அது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. பக்கத்து வீட்டின் உள்பகுதி தெரியும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால் அது சட்டப்படியான உரிமை என்று அங்கேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். 1888-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் கோகல் பிரசாத் வழக்கில் இதே மாதிரி ஓர் உரிமையை ஏற்றது. அந்த வழக்கம் தங்கள் ஊரில் இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்பதால் எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. இருந்தாலும், ஒரு ஜன்னலுக்கே அத்தனை யோசித்திருக்கிறார்கள்.

கழனிவாசல் மகள் – செவ்வாய், மாலை 6.10

ரொம்ப நன்றி சார். கேமராவை இப்போதைக்குச் சுவர் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டேன். ஆனால் நாளை காலை பள்ளிக்குப் போக வேண்டும்.

இன்னொரு சிக்கல். கேமரா வைத்தது தெரிந்ததும் வீட்டுக்காரர் "நானும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், பாஸ்வேர்டு கொடும்மா" என்கிறார். கொடுக்காவிட்டால் அட்வான்ஸில் ஏதாவது பிடித்தம் செய்வாரோ என்று பயமாக இருக்கிறது.

தேவகோட்டை வக்கீல் – செவ்வாய், மாலை 6.50

கொடுக்காதீர்கள். ஒப்பந்தக் காலம் முடியும் வரை அந்த அறை உங்கள் குடியிருப்பு. 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்றாலே 24 மணி நேரம் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படியிருக்க, நினைத்த நேரத்தில் செல்போன் வழியாக நுழைய விடுவது எப்படி? "அம்மா படுத்திருக்கும் அறை, கொடுக்க இயலாது" என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். அதை அழிக்காமல் வைத்திருங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, பதிவு ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வயர்மேன் – செவ்வாய், இரவு 9.15

தங்கச்சி, பதினைந்து வருடமாக இந்த ஊரில் கேமரா மாட்டுகிறேன். மூன்று கேள்வி. கேமரா ஏன் உள்சுவரில்? வைஃபை பெட்டி எங்கே இருக்கிறது? ஆப்பில் "நகர்வதைப் பின்தொடர்" போட்டிருக்கிறீர்களா?

கழனிவாசல் மகள் – செவ்வாய், இரவு 9.30

அண்ணா, மாடம் அங்கேதான் இருக்கிறது. வைஃபை பெட்டி பட்டாலையில். சுவர் ரொம்பத் தடி என்பதால் வாசல் வழியாக மட்டும்தான் சிக்னல் வருகிறது, அதனால் வாசலுக்கு நேரே வைத்தேன். பின்தொடர்வது போட்டிருந்தேன், அம்மா நடந்தால் தெரியட்டும் என்று.

காரைக்குடி வயர்மேன் – செவ்வாய், இரவு 10.05

நினைத்தேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீட்டு அறைகளுக்கு வெளிச்சமே முற்றத்திலிருந்துதான். அதனால் கதவு எப்போதும் திறந்திருக்கும். உள்சுவரில் கேமரா வைத்தால் அது வாசலைத்தான் பார்க்கும். சின்னக் கேமராவின் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 100 பாகைக்கு மேல் விரித்துப் பார்க்கும், ஆக முற்றம் முழுக்க விழும். வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே இருட்டு என்பதால் அம்மா முகம் கறுப்பாகத் தெரியும், ஆச்சி வீடு பளிச்சென்று தெரியும். அம்மாவைப் பார்க்கக்கூட இது தவறான இடம்.

பின்தொடர்வது போட்டால் யார் நகர்கிறாரோ அந்தப் பக்கம் கேமரா தானே திரும்பும். அம்மா பாதி நாள் அசையாமல் படுத்திருப்பார். நகர்கிறவர் ஆச்சிதான். அப்படியென்றால் நாள் முழுக்க அது அவரைத்தான் துரத்தியிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பல கேமராவில் அது போட்டே வரும்.

இப்போது செய்ய வேண்டியது. கேமராவை வாசல் நிலைக்கு மேலே, உள்பக்கமாக, முற்றத்துக்கு முதுகைக் காட்டி வையுங்கள். பார்வை கட்டிலிலும் குளியலறைக்குப் போகும் வழியிலும் மட்டும் விழட்டும். பின்னால் வெளிச்சம் இருப்பதால் அம்மா முகமும் தெளிவாகத் தெரியும். வைஃபை பிரச்சினையும் தீரும், ஏனென்றால் வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இணையுங்கள், 5 இந்தச் சுவரிடம் தோற்றுவிடும்.

தயவுசெய்து சுவரில் துளை போடாதீர்கள். சுண்ணாம்பு பூசி மெருகேற்றிய சுவர், ஒரு முறை தெறித்தால் அந்தப் பளபளப்பு திரும்ப வராது. தேக்கு நிலையிலும் ஆணி வேண்டாம். பக்கத்தில் உயரமான பீரோ இருந்தால் அதன் மேல் வைத்தாலே போதும்.

அப்புறம், சுழல்வதை நிறுத்தி ஒரே கோணத்தில் நிலைநிறுத்துங்கள். வாசல் ஓரம் கொஞ்சம் விழுந்தால் அந்த இடத்தை ஆப்பிலேயே கறுப்புக் கட்டமாக மறைக்கலாம். கேமரா சுழன்றால் விலை குறைந்தவற்றில் அந்தக் கட்டம் இடம் மாறிப்போகும், அதனால்தான் நிறுத்தச் சொன்னேன். கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். பதிவை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க உங்களுக்குத் தேவை இல்லை.

ஆச்சி பார்த்த சிவப்பு, இரவில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்கு. 850 நானோமீட்டர் வகையில் லேசாகச் சிவப்பு தெரியும், 940 வகையில் தெரியாது. தெரியாததை வாங்கிப் போட்டுவிடலாம் என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படி மாட்டிக் கொடுப்பதில்லை. ஓடுகிறது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அரியக்குடி தம்பி – புதன், காலை 7.20

அக்கா, எல்லோரும் ஆச்சியைப் பற்றிப் பேசிவிட்டார்கள். என் அம்மா வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறார். ஒரு வீட்டில் நாலு மாதம் கழித்துத்தான் அறையில் கேமரா இருந்தது அவருக்குத் தெரிந்தது. நோயாளி தூங்கும் நேரத்தில் அதே அறையில்தான் சேலை மாற்றியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் உதவிக்கு யாராவது வந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது, தவறாக நினைக்காதீர்கள். உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா?

கழனிவாசல் மகள் – புதன், இரவு 10.40

தம்பி, கேட்கவில்லை. காலையிலிருந்து அந்த ஒரு வரிதான் மனசில் ஓடுகிறது.

சாயங்காலம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ பயப்படுவேன்னுதான் ஒண்ணும் சொல்லலை. உடம்பு துடைக்கிற நேரத்துல மட்டும் அதை மூடிக்கிறதுக்கு ஒரு துணி குடு" என்றார். இத்தனை நாளும் அந்த நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார். தூக்கம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தூர்க்காரன் – வியாழன், காலை 6.55

சகோதரி, முதலில் நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுக் கேமராவை நேற்றிரவு திறந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கிணற்றடி ஓரம் படத்தில் விழுகிறது. காலையில் அந்த அண்ணனிடம் சொல்லிவிட்டுத் திருப்பி வைத்தேன். வயர்மேன் அண்ணே, முகப்புக்கு 4 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் தெருவோடு நிற்குமா?

காரைக்குடி வயர்மேன் – வியாழன், காலை 9.30

பார்வை 80 பாகைக்குப் பக்கம் சுருங்கும். கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் உங்கள் வாசற்படியோடு நின்றுவிடும். ஞாயிறு வந்து பார்க்கிறேன்.

கழனிவாசல் மகள் – அடுத்த செவ்வாய், இரவு 8.50

என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

வயர்மேன் அண்ணன் சொன்னபடி வாசலுக்கு உள்பக்கம் பீரோ மேல் வைத்தேன். சுழற்சி, பின்தொடர்தல், மைக் எல்லாம் நிறுத்தியாயிற்று. அம்மா கைக்கு எட்டும் இடத்தில் ஸ்விட்ச் வைத்து, கேமராவை அவரே அணைத்துப் போடும்படி செய்தேன். வீட்டுக்காரருக்கு வக்கீல் சார் சொன்ன மாதிரி செய்தி அனுப்பினேன். "சரிம்மா" என்று மட்டும் பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சியிடம் போனேன். இந்த முறை அவர் நிலைப்படிக்கு வெளியே நான் நின்றேன். செல்போனைக் கையில் கொடுத்து, இப்போது என்ன தெரிகிறது என்று பார்க்கச் சொன்னேன். அம்மா கட்டிலும் குளியலறைக் கதவும்தான். பழைய பதிவுகளை அவர் முன்னாலேயே அழித்தேன். மன்னிப்பு கேட்க வாயெடுத்தபோது, "உள்ள வந்து பேசு" என்று சொல்லிவிட்டார்.

காப்பி குடித்துக்கொண்டே ஆச்சி கேட்டார்: "அங்க பள்ளிக்கூடத்துல இருந்து அவ விழுந்ததைப் பாத்துட்டா, நீ வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

இருபத்தைந்து நிமிடம் என்றேன்.

"எனக்கு முத்தத்தைத் தாண்டுற நேரம். என் நம்பரைப் போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். எங்கள் அறைச் சாவி ஒன்றும் அவரிடம் இருக்கிறது. நேற்றுப் பதினொன்றரை மணிக்கு அம்மா கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் ஆச்சியைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்களாம்.